தேவசகாயம் யாரோடு உண்டார்? மறைக்கல்வி வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

தோவாளைப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்துப் பங்கு ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி நடத்தி வருகிறேன். சென்ற வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புனித தேவசகாயத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தது, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தது, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுப் படை அதிகாரி டிலனாயிடம் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைக் கேட்டது, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றது, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது என்று வழக்கம்போல் வரிசையாகச் சொல்லி முடித்தேன். புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் ஊறிய நிகழ்ச்சியையும் சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள்.

புனிதர் பட்டத்துக்கு முன்பு அவருடைய பெயரிலிருந்து 'பிள்ளை' என்னும் சாதிப் பெயர் நீக்கப்பட்டதை இறுதியில் குறிப்பிட்டேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பெயரில் இருந்த சாதியை ரோமாபுரியில் எடுத்துவிட்டார்கள். எங்கள் அம்மா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே நிற்கிற சுவரை ஏன் யாரும் எடுக்கவில்லை?" என்று கேட்டாள். அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று கூறி வகுப்பை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தத் தவணை கேட்டதே எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்றைய கத்தோலிக்கர்களாகிய நாம் புனிதர்களின் வாழ்க்கையிலிருந்து உண்மையில் எதைக் கற்கிறோம்? கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, அசனம் என்னும் ஊர்விருந்து ஆகியவற்றைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. நானும் அவற்றில் வளர்ந்தவள்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முன் நிற்க எனக்கு இவை போதவில்லை. உங்கள் கருத்துகளைப் பகிர வேண்டுகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

சகோதரி, உங்கள் மாணவி கேட்ட கேள்வி தேவசகாயத்தின் வரலாற்றுக்கு வெளியே இருந்து வந்தது அன்று. அதன் நடுவிலிருந்தே வந்தது. அவர் ஏன் கொல்லப்பட்டார் என்று பொதுவாகக் கேட்டால் மதம் மாறியதால் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறோம். அது போதாது. அவர் மனம் மாறிய காலத்தில் திருவிதாங்கூரில் கிறித்தவர்கள் இருந்தார்கள்; டிலனாயே கத்தோலிக்கர், அரசனின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தவர். அப்படியிருக்க ஒரு நாயர் குடும்பத்து அரசு அலுவலர்மீது மட்டும் ஏன் அவ்வளவு சினம் மூண்டது? அவர் மதம் மாறியதோடு நிற்காமல், தீண்டத்தகாதவர் என்று விலக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சென்றார், அவர்களோடு உட்கார்ந்து உண்டார், எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். புனிதர் பட்டத்துக்கான திருச்சபையின் குறிப்பே, சாதி வேறுபாட்டைக் கடந்து மனிதர் அனைவரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது மேல்சாதியினரின் வெறுப்பைத் தூண்டியது என்று சொல்கிறது.

இங்கே ஒரு நேர்மையும் தேவை. அவர் அரசத் துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்றும், சமயத்துக்காக அன்று என்றும் வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் இறந்து நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையில் அவருடைய சாவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிற்காலத்துப் பக்தி மட்டுமே அவரை மறைசாட்சி ஆக்கிவிடவில்லை.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1872இல் தொடங்கிக் கட்டப்பட்ட கோவில் எப்படி அமைந்தது தெரியுமா? வேளாளர்கள் ஒரு பக்கமும் நாடார்கள் ஒரு பக்கமும் தனித்தனியே நின்று திருப்பலி காண்பதற்காக, பீடத்திலிருந்து இரண்டு கால்கள்போல் பிரிந்து செல்லும் வடிவில் அமைந்தது. கால்சட்டைக் கோவில் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910இல் அந்தப் பிரிவினை அகற்றப்பட்டபோது, தங்களுக்குத் தனியிடம் வேண்டும் என்று கேட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. யாரோடும் உட்கார்ந்து உண்ட ஒரு மனிதர் திருமுழுக்குத் தண்ணீரை ஏற்ற ஊரிலேயே இது நடந்தது என்றால், புனிதரை அருகில் வைத்துக்கொண்டே அவருடைய வாழ்க்கையை மறந்துவிட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மெழுகுதிரி எழுதியது:

எனக்குச் சிறிது வருத்தம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். புனிதர்களிடம் வேண்டுவதை ஏதோ குறைந்த பக்திபோலப் பேசும் பழக்கம் படித்தவர்களிடையே பெருகி வருகிறது. என் மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இருபத்தாறு நாள்களும் நான் கோட்டாறு சவேரியார் கோவிலில் தேவசகாயத்தின் கல்லறை அருகே போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் யாரோடு உண்டார் என்பதை நான் நினைக்கவில்லை. துன்பப்பட்ட ஒருவர் என் துன்பத்தை அறிவார் என்ற ஒரே எண்ணம்தான் என்னைத் தாங்கியது. புனிதர்கள் நமக்காகக் கடவுளிடம் பேசும்படி வேண்டும் பரிந்துரை மன்றாட்டு என்பது திருச்சபையின் விசுவாசம். அதை எடுத்துவிட்டால் புனிதர்கள் வெறும் வரலாற்றுத் தலைவர்களாகிவிடுவார்கள்.

தோவாளைப்பூ எழுதியது:

மெழுகுதிரி அக்கா, உங்கள் மகள் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கேட்பதைக் குறைக்க வேண்டும் என்பது என் எண்ணம் அன்று. கேட்டுவிட்டு வரும்போது அவரிடமிருந்து நாம் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறோமா என்பதுதான் கேள்வி. துன்பப்பட்ட ஒருவர் என் துன்பத்தை அறிவார் என்று நீங்கள் எழுதினீர்களே, அது அவருடைய வாழ்க்கையை அறிந்ததால் வந்த ஆறுதல் அல்லவா? அவருக்கு நேர்ந்தது என்னவென்று தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கல்லறை உங்களிடம் அப்படிப் பேசியிருக்காது.

ஊர்க்கோடி எழுதியது:

எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது. மகளின் கைப்பேசியில் இந்த விவாதத்தை வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்தப் பெண் கேட்ட சுவர் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு சுவர் இருந்தது. என் தகப்பனார் நாற்பது ஆண்டுகள் கோவில் மணி அடித்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் அடித்த மணியைக் கேட்டுத்தான் ஊரில் எல்லாச் சாதியினரும் எழுந்தார்கள். அவர் இறந்தபோது, மழைக்காலம், எங்கள் பக்கத்தில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறியது. சுவருக்கு அந்தப் பக்கம் மேடான இடம் காலியாக இருந்தது. அங்கே வைக்கலாமா என்று கேட்டோம். கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். வழக்கம் அப்படி என்றார்கள். நின்ற தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் அப்பாவை வைத்தோம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அதன்பின் ஆறு ஆண்டுகள் நான் கோவிலுக்குப் போகவில்லை.

திரும்பிப் போனதற்குக் காரணம் தேவசகாயம்தான். அப்போது அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான அருளாளர் பட்டம்கூடக் கிடையாது; அது 2012 திசம்பரில்தான் நாகர்கோவிலில் நடந்தது. எங்கள் பாட்டி ஒரு கதைப்பாட்டுப்போல அவருடைய பாடுகளைச் சொல்லுவாள். எருமை மாட்டின் மேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், சவுக்கால் அடித்துக் காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசியில், "பெரிய வீட்டுப் பிள்ளை, நம்ம வீட்டுக் கஞ்சியைக் குடிச்சதுக்குத்தானே மக்கா இவ்வளவும்" என்று முடிப்பாள். மதத்துக்காக என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சிக்காக என்றுதான் சொல்லுவாள். திருச்சபையில் என்னை விலக்கியவர்கள் இருக்கிறார்கள் என்றால், என் பொருட்டு அடிபட்டவர் ஒருவரும் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் திரும்பிப் போனேன்.

எங்கள் ஊர்ச் சுவரின் ஒரு பகுதி ஒரு புயலில் விழுந்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டாம் என்று அப்போதிருந்த இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் உறுதியாக நின்றார்கள். மீதியும் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளில் மேலத்தெருப் பையன்களும் இருந்தார்கள் என்பதை நான் நன்றியோடு சொல்ல வேண்டும்.

செம்மண் எழுதியது:

ஊர்க்கோடி ஐயாவின் பதிவை வாசித்தபின் நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் பாட்டியார் மறைக்கல்வி நூல்களைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறார்.

நான் ஓரியூருக்குப் பக்கத்து ஊர்க்காரன், அங்கே மறைசாட்சியாக இறந்த புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) பெயரைக் கேட்டு வளர்ந்தவன். இவ்விவாதத்தின் போக்கில் எனக்கு ஒரு கவலை உண்டு. அதை என் சொந்தப் புனிதரை வைத்தே சொல்கிறேன். இன்றைக்கு நாம் சரியென்று கருதுவதையெல்லாம் அன்றைய புனிதர்கள் செய்து முடித்திருந்தார்கள் என்று காட்டும் ஆசை நமக்கு எளிதில் வந்துவிடும். அது அவர்களுக்கும் நல்லதன்று, நமக்கும் நல்லதன்று.

அருளானந்தர் 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர், போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இராமநாதபுரத்துச் சேதுபதிகள் ஆண்ட மறவர் நாட்டில் 1686இல் கடுமையாக வதைக்கப்பட்டு, பின்பு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கேயே தங்கிவிடும்படி மன்னர் வற்புறுத்தியும் கேளாமல் 1690இல் திரும்பி வந்தார். அதுவே போதும், அவர் முன் நான் தலைவணங்க. ஆனாலும் அவர் பணியாற்றிய மதுரை மறைப்பணித்தளம் சாதி ஒழுங்கை உடைக்கவில்லை. அதற்கு இசைந்தே நடந்தது. உயர்சாதியினருக்கு என்று தனித் துறவுக் கோலம், மற்றவர்களுக்குப் பண்டாரச் சாமிகள் என்று ஏற்பாடே இருந்தது. அருளானந்தர் பண்டாரச் சாமியாக, காவி உடுத்தி, புலால் நீக்கி வாழ்ந்தவர். அந்த முறை பலரைக் கிறித்துவிடம் கொண்டுவந்தது. பிற்காலச் சுவர்கள் சிலவற்றுக்கு அடித்தளமாகவும் அமைந்தது. இரண்டும் உண்மை.

இன்னும் கடினமான ஒன்று உண்டு. மறவர் குலத் தலைவரான தடியத்தேவர் நோயிலிருந்து நலம்பெற்றுத் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்று அருளானந்தர் நிபந்தனை விதித்தார். விலக்கப்பட்ட மனைவியரில் இளையவர் மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரசரிடம் முறையிட்டதிலிருந்துதான் கைதும், 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் நிகழ்ந்த தலைவெட்டும் தொடங்கின. சிறுவயதில் நாங்கள் நடித்த நாடகங்களில் அந்தப் பெண் எப்போதும் வஞ்சகியாகவே மேடையேறுவாள்; கூந்தலை விரித்துப் போட்டு, கண்ணை உருட்டி நடிக்கச் சொல்லுவார்கள். இன்று எனக்கு அப்படிப் பார்க்க முடியவில்லை. திடீரென்று ஒருநாள் கணவனால் விலக்கப்பட்ட பெண், தன் குடும்பத்தாரிடம் போய் அழுவதில் என்ன வஞ்சகம் இருக்கிறது? அருளானந்தர் தம் மனச்சான்றின்படி சரியானதைச் செய்தார் என்று நம்புகிறேன். அந்தச் சரியான செயல் ஒரு பெண்ணின்மீது இறக்கிய சுமையையும் நாம் சொல்லியே ஆக வேண்டும் என்று கருதுகிறேன். புனிதரின் வரலாற்றில் அவரைச் சுற்றி நின்றவர்களையும் மனிதர்களாகப் பார்க்கக் கற்பது, இன்றைய கத்தோலிக்கன் தன் நல்ல முடிவுகளுக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்கத் தொடங்குவதற்கு உதவும்.

மெழுகுதிரி எழுதியது:

செம்மண் சகோதரரே, அந்தப் பெண்ணைப் பற்றி இதுவரை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. தேவசகாயத்தின் மனைவியைப் பற்றி யாராவது எழுதுவீர்களா? கல்லறையின் அருகில் உட்கார்ந்திருந்த நாள்களில் அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

பழைய ஏடு எழுதியது:

பார்கவி அம்மாள். திருமுழுக்குப் பெற்றபின் ஞானப்பூ அம்மாள். தெரசா என்னும் பெயரின் தமிழாக்கம் அது என்பார்கள், லாசரு என்னும் திருமுழுக்குப் பெயரைத் தேவசகாயம் என்று தமிழாக்கியதுபோல. முதலில் தயங்கியவர், பின்பு கணவரோடு அதே நம்பிக்கையை ஏற்றார். கணவர் 1749 பெப்ரவரியில் கைதானது முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், இழுத்துச் செல்லப்படும் ஒருவரின் மனைவியாக வாழ்ந்தார். அவர் இறந்தபின் சொந்த ஊரில் இருக்க இயலாமல் எல்லை கடந்து வடக்கன்குளத்தில் வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் சங்கிலியில் இருந்தவருக்கு வழியெல்லாம் ஊர்களும் சுரூபங்களும் இருக்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளையும் வெளியே நின்று கழித்தவருக்கு ஒரு கல்லறைதான் இருக்கிறது.

சில்லாலை எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது கடல் கடந்து வாழ்பவன் நான். இந்த உரையாடல் தேவசகாயத்தைப் பற்றியது என்றாலும், குருக்கள் அல்லாத பொதுநிலையினரைப் பற்றிய பேச்சாகவும் இது வளர்ந்ததால் எங்கள் ஊரின் பங்கையும் சேர்க்க விரும்புகிறேன்.

புனித யோசேப் வாஸ் கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது கூலியாள் வேடத்தில் வந்தார் என்பதை எல்லோரும் பெருமையோடு சொல்வோம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததிலிருந்து கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. கழுத்தில் செபமாலை தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, யாருடைய கண் அதில் நிலைக்கிறது என்று பார்த்துத்தான் அவர் கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தாராம். சிறுவனாக இதைக் கேட்டபோது வாஸ் அடிகளின் துணிவை மட்டுமே வியந்தேன். வயது ஏறியபின்தான் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவர்களைப் பற்றி நினைத்தேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவும் இல்லாமல், திருப்பலியும் இல்லாமல், அச்சத்தின் நடுவே தங்கள் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்த தாய்மார் இருந்திருக்காவிட்டால், அந்தச் செபமாலையை அடையாளம் கண்டுகொள்ள யாருடைய கண் இருந்திருக்கும்? அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று ஒரு முழு இயலே எழுதியது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுகள்தான் நினைவுக்கு வரும்.

வாஸ் அடிகள் பின்னர் கண்டியில் ஒற்றன் என்ற ஐயத்தில் சிறை வைக்கப்பட்டார். அதே கண்டியில் 1697இல் பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுச் சென்றபோது, எந்தச் சமயத்தவர் என்று பாராமல் அவர்களுக்குக் குடில் அமைத்து, உணவளித்து, இறந்தவர்களைப் புதைத்தார். கொரோனாக் காலத்தில் இங்கே என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். இரவு வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, எங்களிடம் வராமல், படியில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவாள். "வாஸ் அடிகளுக்குப் பயம் இருந்திருக்காதா?" என்று ஒருநாள் கேட்டாள். இருந்திருக்கும் என்றுதான் சொன்னேன். இருந்திருக்காது என்று நாம் எழுதி வைத்திருக்கும் வாழ்க்கை வரலாறுகள் அவளுக்கு அன்று உதவவில்லை.

செம்மண் எழுதியது:

சில்லாலையார் கடைசியில் சொன்னதுதான் நான் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது. அச்சமே அறியாத புனிதரை நாம் வணங்கலாம், பின்பற்ற முடியாது. அஞ்சிக்கொண்டே அடுத்த நாளும் அம்மை கண்டவரிடம் போனவரைத்தான் படியில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெண் தன் கூட்டத்தில் ஒருவராக எண்ண முடியும்.

தோவாளைப்பூ எழுதியது:

இன்று வகுப்பு முடிந்தது. உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவியிடம், சென்ற வாரம் நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பின்பு வடக்கன்குளத்துக் கோவிலின் வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து, 1872, 1910 என்ற இரண்டு ஆண்டுகளையும் எழுதி, எங்கே யார் நின்றார்கள் என்று சொன்னேன். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. ஊர்க்கோடி ஐயாவின் பதிவை ஊர் அடையாளம் எதுவும் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். "நம்ம வீட்டுக் கஞ்சியைக் குடிச்சதுக்குத்தானே" என்ற இடம் வந்ததும் என் குரல் கொஞ்சம் தடுமாறிவிட்டது.

அதன்பின் அறிவுரை சொல்லாமல் ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். அவரவர் வீட்டில் நடந்த கடைசி விசேடத்தில் யார் யார் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருக்கு வெளியே வைத்துக் கொடுத்தோம், யாரை அழைக்கவே இல்லை என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். யாரும் அதை உரக்க வாசிக்க வேண்டியதில்லை. என்னிடமும் காட்ட வேண்டியதில்லை.

ஒரு பையன், எங்கள் வீட்டுக்கு வேறு ஆட்கள் யாரும் வந்ததே இல்லையே டீச்சர், அப்படியானால் என்ன எழுதுவது என்று கேட்டான். அதையே எழுது என்றேன்.

சுவரைப் பற்றிக் கேட்ட மாணவி வகுப்பு முடிந்தபின் காத்திருந்தாள். அடுத்த மாதம் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவோடு அந்த ஊருக்குப் போவதாகவும், அங்குள்ள பங்குத்தந்தையிடம் அதே கேள்வியைக் கேட்கப் போவதாகவும் சொன்னாள். தனியாகக் கேட்காதே, அன்றைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காலை ஆறரை மணிப் பேருந்தில் போகிறோம்.

ஊர்க்கோடி எழுதியது:

டீச்சர், எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள். எனக்கு நடக்க முடிகிறது. மூன்று பேராகப் போவோம்.